வாசகர் கேள்வி – பதில்: வெளிநாட்டு ஆய்வுக்கான புலமைப்பரிசில்கள்

கேள்வி: கிழக்குப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் சிறப்புப் பட்டம் பெற்று, தற்காலிக உதவி விரிவுரையாளராகப் பணியாற்றுகிறேன். மட்டக்களப்பு வாவியின் இறால் வளம் பற்றி வெளிநாடொன்றில் ஆய்வு செய்ய ஆசை. சொந்தச் செலவில் போக வசதியில்லை. பிரித்தானியாவின் செவனிங், அமெரிக்காவின் புல்பிரைட், ஜப்பானிய அரசுப் புலமைப்பரிசில் ஆகியவற்றுள் எதற்கு முதலில் விண்ணப்பிக்கலாம்?
– வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன், ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். ‘வாவியின் இறால் வளம்’ என்ற தலைப்பு மிகவும் அகலமானது. தேர்வுக் குழுவினர் அதைப் போன்ற தலைப்புகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறார்கள். மாரி காலத்தில் வாவி நிரம்பி முகத்துவாரத்தின் மணல்திட்டு வெட்டப்படும்போது கடல்நீர் உள்ளே வருகிறது. கடலில் பொரித்த இறால் குஞ்சுகள் அவ்வழியாகவே வாவிக்குள் புகுந்து வளர்கின்றன. முகத்துவாரம் திறக்கும் காலம் முந்தினால் அல்லது பிந்தினால் உட்புகும் குஞ்சுகளின் அளவு எவ்வாறு மாறுகிறது என்று நீங்கள் கேட்டால், எந்த மாதங்களில் எங்கே மாதிரி எடுப்பது, உப்புத்தன்மையை எப்படி அளப்பது, இத்துறையில் யார் உலகில் வேலை செய்கிறார்கள் என்பவை தாமாகவே தெளிவாகும். இவ்விடயத்தில் வாவியில் வலை வீசுவோரின் அனுபவத்தைக் கேட்டு எழுதிக்கொள்வதும் ஆய்வின் ஒரு பகுதிதான். ஊர்க்காரராகிய உங்களுக்கு அது எளிது.

அடுத்து, அத்துறையில் ஆய்வு செய்யும் பேராசிரியர் ஒருவருக்குச் சுருக்கமான மின்னஞ்சல் எழுதுங்கள். அவருடைய கட்டுரையொன்றை உண்மையாகவே வாசித்து, அதிலிருந்து எழும் ஐயத்தையும் உங்கள் கேள்வியையும் இணைத்துக் காட்டினால் பதில் வரும் வாய்ப்பு கூடும். ஜப்பானிய அரசின் ஆய்வு மாணவர் புலமைப்பரிசிலுக்கும் ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் (DAAD) வழங்கும் ஆய்வு உதவிக்கும் இத்தகைய மேற்பார்வையாளர் ஒருவரின் இசைவு மிகவும் பெறுமதியானது. செவனிங்கோ ஓராண்டு முதுமாணிப் படிப்புக்கானது. இரண்டு ஆண்டுப் பணி அனுபவம் கேட்கிறது, படிப்பு முடிந்தபின் குறைந்தது இரண்டு ஆண்டுகள் தாய்நாட்டில் இருக்கவும் வேண்டும். புல்பிரைட்டுக்கும் நாடு திரும்பும் நிபந்தனை உண்டு. ஆகவே நீண்டகால ஆய்வே உங்கள் நோக்கமாயின், முதலில் ஜப்பானையும் ஜெர்மனியையும் பாருங்கள் என்பது என் கருத்து. ஜப்பானியப் புலமைப்பரிசில் பொதுவாக 35 வயதுக்கு உட்பட்டோருக்கே கிடைப்பதால், தாமதிக்க வேண்டாம்.

பரிந்துரைக் கடிதத்தைப் பெரிய பதவியில் இருப்பவரிடம் கேட்பதைவிட, உங்கள் ஆய்வுகூட வேலையை நேரில் கண்டவரிடம் கேளுங்கள். ‘சிறந்த மாணவி’ என்ற பாராட்டு எவரையும் அசைக்காது. நீங்கள் எதைச் செய்தீர்கள், எங்கே தடுமாறி எப்படித் திருத்தினீர்கள் என்று அவர் எழுதினால்தான் அக்கடிதத்துக்கு எடை வரும். அவருக்கு முன்மொழிவின் பிரதியையும் போதிய கால அவகாசத்தையும் கொடுங்கள். வாவியில் எடுக்கும் உயிரின மாதிரிகளை நாட்டுக்கு வெளியே கொண்டு செல்ல உரிய திணைக்களங்களின் அனுமதி தேவைப்படலாம். அதற்கான காலத்தையும் ஆய்வு அட்டவணையில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பட்டதாரியான நான் அரச பாடசாலை ஆசிரியர். ஐ.ஈ.எல்.டி.எஸ். ஆங்கில மொழிப் பரீட்சையை இப்போதே எழுதி வைக்கலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

பதில்: அப்பெறுபேறு இரண்டு ஆண்டுகளுக்கே செல்லுபடியாகும். எந்தப் புலமைப்பரிசில், எந்த ஆண்டு என்று தீர்மானித்தபின் எழுதினால் கட்டணம் வீணாகாது. அதைவிட, கல்வி விடுமுறை பெறும் நடைமுறையையும் திரும்பி வந்து எத்தனை காலம் சேவையாற்ற வேண்டும் என்ற ஒப்பந்தத்தையும் வலயக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்து மூலம் கேட்டறிந்துகொள்ளுங்கள்.