அறிவியல் கேள்வி–பதில்: கடப்பாரையும் கப்பியும்

கேள்வி: கடப்பாரையின் மேல்முனையை 20 கிலோ அளவுக்கு அழுத்தினால் 200 கிலோ பாறை எழும்பும் என்கிறார்கள். மீதி 180 கிலோவைச் சுமப்பது யார்?

பதில்: கடப்பாரைக்கு அடியில் முட்டுக் கொடுத்திருக்கும் சிறு கல்தான் சுமக்கிறது. பாடநூல்கள் ஆதாரப்புள்ளி என்று குறிப்பிடுவது அந்த இடத்தைத்தான். பாறையின் 200 கிலோ, உங்கள் கையின் 20 கிலோ ஆகிய இரண்டும் கீழ்நோக்கியே அழுத்துவதால், அதன்மீது மொத்தம் 220 கிலோ இறங்குகிறது. ஈர மண்ணில் முட்டு வைத்தால் பாறை அசையாமல் முட்டு மட்டும் புதைந்துபோவதற்கு இதுவே காரணம். (விசையை நியூட்டனில் சொல்வதே முறை, புரிதலுக்காக இங்குக் கிலோ எடையிலேயே சொல்கிறேன்.)

விசை இப்படிப் பத்து மடங்காவதை எந்த விதியும் தடுக்கவில்லை. கணக்கு நேராக வேண்டியது வேலையில், அதாவது விசையை அது நகர்ந்த தொலைவால் பெருக்கி வரும் அளவில். முட்டிலிருந்து பாறை 15 செ.மீ. தொலைவிலும் உங்கள் கை 150 செ.மீ. தொலைவிலும் இருந்தால், கை 30 செ.மீ. இறங்கும்போது பாறை வெறும் 3 செ.மீ. எழும்பும். 20-ஐ 30-ஆல் பெருக்கினாலும் 200-ஐ 3-ஆல் பெருக்கினாலும் விடை 600-தான். எந்திரத்தைக் கொண்டு இயற்கையை ஏமாற்றிவிடலாம் என்ற நம்பிக்கை தவறு என்பதைக் கலிலியோ 1600-ஐ ஒட்டிய ஆண்டுகளிலேயே தெளிவாக விளக்கியிருக்கிறார்.

கேள்வி: எல்லா நெம்புகோலும் நம் சிரமத்தைக் குறைக்குமா?

பதில்: குறைக்காது. உங்கள் முன்கையே அதற்குச் சான்று. முழங்கையை மடித்து, உள்ளங்கையில் 5 கிலோ எடையை ஏந்துங்கள். எடை மூட்டிலிருந்து ஏறக்குறைய 35 செ.மீ. தொலைவில் இருக்க, அதைத் தாங்கும் இருதலைத் தசையோ மூட்டிலிருந்து 5 செ.மீ. அளவிலேயே எலும்பைப் பற்றியிருக்கிறது. எனவே அந்தத் தசை ஏறத்தாழ 35 கிலோ அளவுக்கு இழுத்தாக வேண்டும். முன்கையின் சொந்த எடை தனி. இந்த நட்டத்துக்கு ஈடாகக் கிடைப்பது வேகம்: தசை 1 செ.மீ. சுருங்கினால் கை 7 செ.மீ. நகர்ந்துவிடும்.

கேள்வி: ஒற்றை நிலைக் கப்பி (மேலே ஓரிடத்தில் அசையாமல் மாட்டிய கப்பி) விசையைக் குறைக்காது என்றால், அதை ஏன் மாட்டுகிறார்கள்?

பதில்: திசையை மாற்றுவதற்காக. மேல்நோக்கி இழுக்கும்போது கையும் முதுகும் நோகும். கீழ்நோக்கி இழுக்கும்போது உடல் எடையையும் சேர்த்துக் கொடுக்கலாம். ஆனால் 40 கிலோ சுமையை 40 கிலோ விசையால் இழுக்கும்போது, கப்பி தொங்கும் கொக்கி 80 கிலோவைத் தாங்குகிறது என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை. இன்னொன்று: 60 கிலோ எடையுள்ளவர் கயிற்றின் ஒரு முனையில் கட்டிய பலகையில் அமர, தரையில் நிற்பவர் மறுமுனையை இழுத்தால் 60 கிலோ விசை வேண்டும். அமர்ந்திருப்பவரே மறுமுனையைப் பிடித்துத் தம்மை இழுத்துக்கொண்டால் 30 கிலோ போதும், ஏனெனில் அவரைத் தாங்குவன இப்போது இரண்டு கயிறுகள்.

கேள்வி: ஆர்க்கிமிடீஸ் சரக்கேற்றிய கப்பலொன்றைக் கப்பித் தொகுதியால் தனியாளாக இழுத்தார் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதியிருக்கிறாரே, நம்பலாமா?

பதில்: கி.மு. 212-இல் இறந்தவரைப் பற்றி ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட செய்தி அது. ஆகவே கணக்கைக் கொண்டே பார்ப்போம். சுமையை நான்கு கயிறுகள் தாங்கினால் விசை நான்கு மடங்காகும் என்பது உராய்வே இல்லாத உலகத்தின் கணக்கு. கயிறு ஒவ்வொரு கப்பியைக் கடக்கும்போதும் இழுவையில் 10 விழுக்காடு உராய்வுக்குப் போவதாகக் கொள்வோம். நீங்கள் இழுப்பது 1 பங்கு என்றால், சுமையைத் தாங்கும் முதல் கயிற்றில் 0.9, அடுத்ததில் 0.81, பிறகு 0.73, 0.66 என்று தேய்ந்துகொண்டே போகும். கூட்டினால் 4 வராது, 3.1-தான் வரும். கயிறுகளை எட்டாக்கினால் 5.1. நூறு கப்பிகளை மாட்டினாலும் கூட்டுத்தொகை 9-ஐத் தாண்டாது!

இதற்கு ஒரு வழி உண்டு. ஒரே கயிற்றை மேலும் மேலும் சுற்றாமல், ஒரு தொகுதியின் இழுகயிற்றில் அடுத்த தொகுதியைக் கட்டினால் மடங்குகள் ஒன்றையொன்று பெருக்கும். நான்கு கயிற்றுத் தொகுதிகள் மூன்றை இப்படித் தொடுத்தால் 3.1 × 3.1 × 3.1, அதாவது ஏறத்தாழ 30 மடங்கு. 25 கிலோ அளவுக்கு இழுப்பவர் 750 கிலோ இழுவையைப் பெறுவார். உருளைகள்மேல் வைத்த கலத்தை நகர்த்த அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு விசை போதுமென்றால், ஏழரை டன் படகு நகரும். நான்காவது தொகுதியையும் சேர்த்தால் 23 டன் வரை நகர்த்தலாம்.

ஆக, தனியாள் இழுத்தார் என்பதை என்னால் ஏற்க முடிகிறது. நகர்ந்த தொலைவைப் பற்றித்தான் எனக்கு ஐயம். மூன்று தொகுதிகளுடன் கலம் 1 மீட்டர் நகர, கையால் 64 மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். நான்கென்றால் 256 மீட்டர். இடையிடையே கப்பிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும்போது கலத்தை அங்கேயே கட்டி நிறுத்தி, தொகுதியைப் பழையபடி விரித்துக்கொண்டு தொடர வேண்டும். பெருஞ்சுமைகளை நீண்ட தொலைவு இழுக்கும் இடங்களில் கப்பிகளின் எண்ணிக்கையை அளவோடு நிறுத்தி, கயிற்றைச் சுருட்டிக்கொள்ளும் உருளையையும் அதைச் சுற்றும் கைப்பிடியையும் சேர்த்துக்கொள்வதற்கு இந்தக் கயிற்று நீளமும் ஒரு காரணம்.