கொட்டானுக்கு என்ன விலை சொல்வது?

கேள்வி: எங்கள் பூர்வீகம் காரைக்குடிப் பக்கம். பெங்களூரில் இன்டீரியர் டிசைனராக இருக்கிறேன். செட்டிநாட்டுக் கொட்டான் (பனையோலைக் கூடை), ஆத்தங்குடிக் கல் (தரையில் பதிக்கும் சிமென்ட் கல்), கண்டாங்கித் துணி (கட்டம் போட்ட கைத்தறி) மூன்றையும் வைத்து வீட்டு அலங்காரப் பொருட்கள் விற்கும் சிறு நிறுவனம் தொடங்கப் போகிறேன். செய்கிறவர்களிடம் நியாயமாக நடந்துகொள்ள வேண்டும் என்று விருப்பம். "அவர்கள் கேட்கிற விலையைக் கொடுத்துவிட்டால் போதாதா?" என்கிறார் கூட்டாளி. என்ன பதில் சொல்ல, எங்கிருந்து தொடங்க? (வாசகி, பெங்களூரு)

பதில்: போதாது. கொட்டான் முடைகிற பெண் பெரும்பாலும் தன் நேரத்துக்குக் கணக்குப் போடுவதில்லை. சமையலுக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே முடைகிறார். போன தடவை வியாபாரி கொடுத்த தொகையே அவருக்குத் தெரிந்த விலை. அதையே நீங்களும் கொடுத்தால், வியாபாரியின் கணக்கைத்தான் தொடர்கிறீர்கள். அதனால் முதல் வேலை, அவரோடு உட்கார்ந்து நேரத்தை அளப்பது. ஓலையைக் கிழிப்பது, சாயத்தில் கொதிக்க வைப்பது, காய வைப்பது, முடைவது, விளிம்பு கட்டுவது என எல்லாம் கணக்கில் வர வேண்டும். முடையும் நேரத்தை மட்டும் எழுதிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.

ஓர் உதாரணக் கணக்கு போடுவோம். ஒரு நடுத்தரக் கொட்டானுக்கு மொத்தம் 5 மணி நேரம், ஓலைக்கும் சாயத்துக்கும் 40 ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வியாபாரி 150 ரூபாய் தருகிறார். செலவு போக 110 ரூபாய், மணிக்கு 22. எட்டு மணி நேரம் உழைத்தாலும் 176 ரூபாய்தான். தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கே 2024-25இல் நாள் கூலி 319 ரூபாய். கைத்திறன் தேவைப்படாத வேலையைவிடக் குறைவான கூலிக்குத்தான் இந்தக் கலை நடக்கிறது என்று அந்தக் கணக்கு சொல்லும். நீங்கள் நாளுக்கு 600 ரூபாய் என்று தீர்மானித்தால் மணிக்கு 75, ஐந்து மணி நேரத்துக்கு 375, பொருளோடு 415. இதன்மேல் பேக்கிங், கூரியர், வரி, கடை வாடகை எல்லாம் ஏற்றி உங்கள் விற்பனை விலையைப் போடுங்கள். அந்த விலைக்குச் சந்தையில் ஆள் இல்லை என்றால் அளவையோ வேலைப்பாட்டையோ குறைத்து வேறு பொருளை வடிவமையுங்கள். டிசைனராக உங்கள் திறமை உதவ வேண்டிய இடம் அதுதான். கூலியில் கை வைக்கக் கூடாது.

நடுவில் ஒருவர் ஆர்டர் பிரித்துக் கொடுப்பவராக இருந்தால், முடைகிறவர் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேளுங்கள். ஓலை சேர்த்து, சரக்கைச் சரிபார்த்து அனுப்புகிறவருக்கும் உழைப்பு உண்டு. அதற்குத் தனியே ஒரு தொகை பேசுங்கள். முடைந்த கூலி அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்குக்கே போகட்டும்.

அப்புறம் முன்பணம். உலக நியாய வர்த்தக அமைப்பின் கொள்கைப்படி, கைவினைப் பொருள் செய்பவர் கேட்டால் ஆர்டர் மதிப்பில் குறைந்தது பாதியை வட்டியில்லாமல் முன்னதாகத் தர வேண்டும். அவர் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், நீங்களே கொடுத்துவிடுங்கள். முன்பணம் இல்லாத ஆர்டருக்கு நூலோ சிமென்ட்டோ வாங்க அவர் வட்டிக்குக் கடன் வாங்குவார். உங்கள் தொழிலுக்கு அவர் முதல் போட்டதாகிவிடும். மீதிப் பணத்துக்குச் சட்டமே இருக்கிறது. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு) பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. உங்கள் பட்டறைக்காரருக்கு அந்தப் பதிவு இல்லையென்றால் எடுத்துக் கொடுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. மாதிரி செய்து பார்க்கச் சொன்னாலும் கூலி உண்டு. "பிடித்திருந்தால் ஆர்டர் தருகிறேன்" என்று ஐந்து மாதிரி இலவசமாக வாங்குவது மிகச் சாதாரணமாக நடக்கிற அநியாயம்.

உறவு கெடுவது பெரும்பாலும் சரக்கைத் திருப்பி அனுப்பும்போதுதான். ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடிப் பலகைமேல் அச்சை வைத்து, வண்ணம் கலந்த சிமென்ட்டைக் கையால் ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே சிமென்ட்டும் மணலும் போட்டு, நீரில் ஊற வைத்துக் காய வைக்கிறார்கள். கண்ணாடியிலிருந்து கழன்று வரும்போது அந்தப் பளபளப்பு இருக்கும். இப்படிச் செய்யும் கல்லில் ஒன்றுக்கொன்று நிறம் கொஞ்சம் மாறும், கோடு லேசாகக் கலங்கும். அது குறையல்ல என்று நீங்கள் வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பைச் செய்தவர் தலையில் கட்டக் கூடாது. ஏற்றுக்கொள்ளும் அதிகபட்ச மாறுபாட்டைக் காட்டும் இரண்டு கற்களில் இருவரும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் உடைந்தால் யார் நஷ்டம் என்பதையும் ஆர்டர் தாளிலேயே எழுதிவிடுங்கள். வடகிழக்குப் பருவமழையில் கல்லும் காயாது, சாய ஓலையும் காயாது. தீபாவளிப் பரிசுக்கென்று ஒரு கம்பெனி ஐப்பசியில் 500 கொட்டான் கேட்டால், பட்டறையைக் கேட்காமல் சரி சொல்லாதீர்கள்.

பாரம்பரியக் கல் அச்சையோ கொட்டான் பின்னலையோ உங்கள் பெயரில் பதிவு செய்ய முயலாதீர்கள். 2000ஆம் ஆண்டு வடிவமைப்புச் சட்டம் புதிய, முன்பு வெளியாகாத வடிவத்துக்கு மட்டுமே இடம் தரும். நீங்களும் கைவினைஞரும் சேர்ந்து உருவாக்கிய புது வடிவம் என்றால் பங்கை முதலிலேயே பேசி எழுதுங்கள். காரைக்குடிக் கண்டாங்கிக்கு 2019இல் புவிசார் குறியீடு (ஓர் ஊருக்கே உரிய பொருளின் பெயருக்குத் தரும் சட்டப் பாதுகாப்பு) கிடைத்தது; கொட்டானுக்கும் இருக்கிறது. உங்கள் நெசவாளரோ அவருடைய சங்கமோ அந்தப் பெயரை அங்கீகாரத்தோடு பயன்படுத்துகிறவராகப் பதிந்திருக்கிறார்களா என்று பாருங்கள். விசைத்தறித் துணியில் கண்டாங்கிக் கட்டத்தைப் போட்டுக் குஷன் தைத்து அந்தப் பெயரில் விற்பதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள்.

ஒரு பட்டறையின் மொத்த உற்பத்தியையும் நீங்களே வாங்கிக்கொள்ளவும் வேண்டாம். உங்கள் விற்பனை ஒரு பருவம் படுத்தால் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. பழைய வாடிக்கையாளர்களை விடாமல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

மூன்றையும் ஒரே நேரத்தில் எடுக்காதீர்கள். தறியில் ஒரு பாவு (நெடுக்கு நூல்) ஏற்றினால் அதன் நிறத்தை நடுவில் மாற்ற முடியாது, முழுப் பாவுக்கும் நீங்கள் பணம் கட்ட வேண்டும். கல் கனம், உடையும். கொட்டான் லேசானது, முதலும் குறைவு. அழிந்துகொண்டிருந்த அதை மீட்டெடுக்க 2000இல் விசாலாட்சி ராமசாமி தொடங்கிய எம்.ஆர்எம்.ஆர்எம். கலாச்சார அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி தந்திருக்கிறது. அவர்கள் அனுபவத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த ஆண்டு கொட்டானோடு ஆரம்பித்து, கூலியும் பணமும் சொன்ன தேதியில் போய்ச் சேர்கிறதா என்று பாருங்கள். தறிக்கும் கல்லுக்கும் அடுத்த ஆண்டு போகலாம்.