ஐந்து மாதக் குழந்தையின் கரப்பான் ஆறாமல் நீர் வடிகிறது, என்ன செய்வது?

மூன்று கிரீம் மாற்றியும் கன்னத்துக் கரப்பான் (எக்சிமா) ஆறவில்லை, இப்போது மஞ்சளாகப் பொருக்குக் கட்டி நீர் வடிகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். நான்காவது கிரீம் வாங்கும் முன் குழந்தையைப் பகல் வெளிச்சத்தில் வைத்து உற்றுப் பாருங்கள்.

தேன் நிறப் பொருக்கு, நீர்க்கசிவு, சிறு சீழ்க் கொப்புளங்கள் எல்லாம் பெரும்பாலும் ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. இது எக்சிமா உள்ள தோலில் சும்மாவே குடியிருக்கும். அதனால் புண்ணைப் பஞ்சால் ஒற்றி எடுத்துச் சோதிக்கும் ஸ்வாப் ரிப்போர்ட்டில் அதன் பெயர் வந்தாலே தொற்று என்று அர்த்தமில்லை, தோல் என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம். ஆனால் ஒரே அளவுக் கொப்புளங்கள் கொத்தாக வந்து, உடைந்த இடம் துளையிட்டதுபோல் வட்டப் புண்ணாக இருந்தால் அது ஹெர்பிஸ் வைரஸாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அந்த வைரஸுக்கான மருந்தான அசைக்ளோவிர் தாமதமானால் ஆபத்து, கண்ணருகே வந்தால் பார்வைக்கே ஆபத்து. அக்கி என்று காவி எழுதி ஒரு நாளைக்கூடக் கடத்தாதீர்கள். காய்ச்சல், பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, சிவப்பு வேகமாகப் பரவுவது ஆகியவற்றில் எது இருந்தாலும் அதே அவசரம்தான்.

இவை எதுவும் இல்லை, குழந்தை விளையாடுகிறது, பொருக்கு ஓரிரு இடத்தில் மட்டும் என்றால் ஆன்டிபயாடிக் கட்டாயமில்லை. மருத்துவ வழிகாட்டிகளை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2021-ல் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. மருத்துவர் பரிசோதித்துத் தேவை என்று நினைத்தால் சிறு இடத்துக்கு ஃபியூசிடிக் அமிலம் அல்லது மியூபிரோசின் 2% களிம்பை 5 முதல் 7 நாள் வரை தருவார், பரவலாக இருந்தால் வாய்வழி மருந்து தருவார். களிம்பை வாரக்கணக்கில் நீட்டினால் கிருமி அதற்குப் பழகிவிடும்.

ஆன்டிபயாடிக் மட்டும் போட்டு, அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டு கிரீமை நிறுத்திவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. அழற்சி அடங்காதவரை தோல் வெடித்தபடியே இருக்கும், கிருமி திரும்ப நுழையும். பாக்டீரியா தொற்றுக்குச் சிகிச்சை நடக்கும்போது வீரியம் குறைந்த ஸ்டீராய்டும் கூடவே நடக்க வேண்டும். ஹெர்பிஸ் சந்தேகம் இருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும், அங்கே மருத்துவர் சொல்வதே முடிவு.

"பச்சைக் குழந்தைக்கு ஸ்டீராய்டா" என்று இதைப் படித்துவிட்டுச் சிலர் சண்டைக்கு வருவார்கள். எந்த ஸ்டீராய்டு, எவ்வளவு, எத்தனை நாள் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முகத்துக்கு ஹைட்ரோகார்ட்டிசோன் 1% போதும். அளவு சொல்கிறேன்: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். 3 முதல் 6 மாதக் குழந்தையின் முகம், கழுத்து முழுவதற்கும் அது ஒன்று, ஒரு முழுக் கைக்கு ஒன்று, ஒரு முழுக் காலுக்கு ஒன்றரை. புண் பாதி இடத்தில்தான் என்றால் மருந்தும் பாதி. பயந்து பயந்து பொட்டு வைப்பதுபோல் தொட்டு வைத்தால் மாதக்கணக்கில் இழுக்கும், கடைசியில் மொத்த மருந்தளவுதான் கூடும். தோல் தடவிப் பார்க்க வழவழப்பாகும் வரை பூசி, மேலும் இரண்டு நாள் பூசி நிறுத்துங்கள். ஒரு வாரத்தில் மாற்றமே இல்லையென்றால் திரும்பப் போய்க் காட்டுங்கள்.

பயப்பட வேண்டியது மெடிக்கல் ஷாப்பில் "சொறிக்கு ஒரு களிம்பு" என்று கேட்டால் எடுத்துக் கொடுக்கும் கலவைக் கிரீமுக்கு. அட்டையின் பொடி எழுத்தைப் படியுங்கள். கிளோபெட்டசால், பெக்ளோமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டோடு ஜென்டாமைசின், நியோமைசின் போன்ற ஆன்டிபயாடிக், ஒரு பூஞ்சை மருந்து எல்லாம் ஒரே ட்யூபில் இருக்கும். கிளோபெட்டசால் மிகக் கடுமையான வகை, குழந்தை முகத்தில் படவே கூடாது. பூசினால் இரண்டு நாளில் மறையும், விட்டால் இன்னும் சிவந்து திரும்பும். உள்ளே இருப்பது படர்தாமரையோ சிரங்கோ என்றால் அடையாளமே மறைந்துவிடும். 2018-ல் பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மத்திய அரசு ஷெட்யூல் எச் என்ற பட்டியலுக்குள் கொண்டுவந்தது, மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது. ஆனாலும் கிடைக்கிறது.

சிரங்கு என்றதும் இன்னொன்று. வீட்டில் வேறு யாருக்காவது இரவில் அரிப்பு, குழந்தையின் உள்ளங்கை, உள்ளங்காலில் கொப்புளம் என்றால் அது கரப்பானே இல்லாமல் இருக்கலாம். அப்போது வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் சிகிச்சை வேண்டும்.

குளியல் வெதுவெதுப்பான நீரில் 5 முதல் 10 நிமிடம். பொருக்கை நனைத்து ஊறவைத்து மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள், உரிக்காதீர்கள். துடைத்ததும் ஈரம் காயும் முன் மாய்ஸ்சரைசர். அதற்கும் ஸ்டீராய்டுக்கும் நடுவே 15 நிமிடமாவது விடுங்கள். மாய்ஸ்சரைசர் வாரம் 100 கிராம் வரை செலவாக வேண்டும். 30 கிராம் ட்யூப் மாதம் முழுக்க வருகிறதென்றால் நீங்கள் பூசுவது போதவே போதாது. டப்பாவுக்குள் விரலை விடாமல் சுத்தமான கரண்டியால் எடுங்கள். தொற்று ஆறியதும் பழைய டப்பாவைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், கிருமி அதில் காத்திருக்கும். நம் ஊர் வெயிலில் கெட்டியான ஆயின்ட்மென்ட் வேர்க்குருவைக் கிளப்பும், ஆகவே பகலில் கிரீம், இரவில் ஆயின்ட்மென்ட். இவற்றில் உள்ள பாரஃபின் ஊறிய துணி எளிதில் தீப்பிடிக்கும், சாம்பிராணிச் சட்டி பக்கத்தில் வேண்டவே வேண்டாம். அந்தப் புகையும் அரிப்பைக் கூட்டும். கடலை மாவு, பயத்தம் மாவு, மஞ்சள், குப்பைமேனி அரைத்துப் பூசுவதையும் விட்டுவிடுங்கள். வெடித்த தோல் வழியே உணவுப் புரதம் போனால் பிற்பாடு அந்த உணவே ஒவ்வாமையாகலாம்.

திரும்பத் திரும்பத் தொற்று வந்தால் சிலருக்கு மருத்துவர் ப்ளீச் குளியல் சொல்வார். 10 லிட்டர் நீருக்கு 5% சோடியம் ஹைப்போகுளோரைட் 10 மில்லி, வாரம் இரண்டு முறை, பிறகு நல்ல தண்ணீரில் அலசுவது. வாசனை சேர்த்த தரை கழுவும் திரவமோ ப்ளீச்சிங் பவுடரோ அதற்கு ஆகாது. அவர் சொல்லாமல் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். தூங்க வைக்கும் அரிப்பு சிரப்பும் இந்த வயதில் நீங்களாகக் கொடுக்கக் கூடாது.

கேள்வியில் இல்லாததையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைக்குக் கரப்பான் என்றதும் பால் கொடுக்கும் தாயின் தட்டிலிருந்து மீன், முட்டை, கத்தரிக்காய், பருப்பு என்று ஒவ்வொன்றாக எடுத்து ரசம் சாதத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. பிள்ளை பெற்று ரத்தம் குறைந்திருக்கும் ஒரு பெண்ணைப் பட்டினி போட்டு, புண் ஆறாதபோது "நீ எதையோ தின்றிருப்பாய்" என்று அவள் மேலேயே பழி போடுவது கொடுமை. குறிப்பிட்ட உணவுக்குப் பின் உடனே தடிப்பும் வாந்தியும் வந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லிச் சோதிக்கலாம்.

மருத்துவரிடம் போகும்போது இதுவரை பூசிய எல்லா ட்யூபையும் காலி அட்டையோடு எடுத்துப் போங்கள். தினம் ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் எடுத்த போட்டோக்களும் இருக்கட்டும்.