பீட்டிலைப் பிரித்துப் போடாதீர்கள்

கேள்வி: எனக்கு 41 வயது. அலுவலக வேலை, பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள். பல வருடம் ஓடாமல் நின்றிருந்த 1967 மாடல் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் ஒன்றைப் போன வருடம் வாங்கினேன். இன்ஜின் சுற்றவில்லை, தரைத் தகட்டில் துரு. கடைசி போல்ட் வரை பிரித்து, புதுசு போல மாட்ட வேண்டும் என்பது ஆசை. ஆனால் இன்று வரை ஒரு சக்கரத்தைக்கூடக் கழற்றவில்லை. பணமும் இல்லை, நேரமும் இல்லை. தனிநபர் கடன் வாங்கி, இரண்டு மாதம் லீவு போட்டு ஒரே மூச்சில் முடித்துவிடலாமா? "ஒன்று சரிபண்ணுங்கள், இல்லை விற்றுவிடுங்கள்" என்கிறார் மனைவி.

பதில்: கடன் வேண்டாம், லீவும் வேண்டாம். காரை விற்கவும் வேண்டாம். ஆனால் கடைசி போல்ட் வரை பிரிக்கும் ஆசையை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். அதைத் தள்ளி வைத்தாலே உங்கள் பணக் கவலையும் நேரக் கவலையும் பெரும்பகுதி குறைந்துவிடும்.

முதலில் நேரக் கணக்கு. ஒரு பழைய காரை முழுசாகப் பிரித்து, துருவை வெட்டி, வெல்டிங், பெயின்ட் முடித்துத் திரும்ப மாட்ட, தனி ஆளாகச் செய்தால் 1000 மணி நேரம் சாதாரணமாகத் தாண்டும். இரண்டு மாத லீவில் தினம் எட்டு மணி நேரம் உழைத்தாலும் 500 மணி நேரத்துக்குள்தான் வரும். அதிலும் ஒரு பார்ட்ஸ் வரக் காத்திருக்கும் நாட்கள், பெயின்ட் காயும் நாட்கள் போய்விடும். லீவு முடியும்போது உங்களிடம் கார் இருக்காது. டப்பா டப்பாவாகச் சாமான்களும், கட்ட வேண்டிய கடன் தவணையும்தான் இருக்கும்.

பிரிப்பது இந்த வேலையிலேயே சுலபமான பகுதி. சந்தோஷமான பகுதியும் அதுதான். இரண்டு வார இறுதியில் காரை எலும்புக்கூடாக்கிவிடலாம். ஆறு மாதம் கழித்து எந்தக் கிளிப் எந்தக் கதவுக்கு, எந்த வயர் எந்த டெர்மினலுக்கு என்று நினைவிருக்காது. சக்கரம் இல்லாத பாடியை நகர்த்தவும் முடியாது. பாதியில் கைவிட்டு விற்கிற பழைய கார்களில் பெரும்பாலானவை இப்படிப் பிரித்துப் போட்டவைதான். வாங்குகிறவருக்கு எது இருக்கிறது, எது தொலைந்தது என்று தெரியாது, அதனால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்.

ஆகவே காரை முதலில் ஓட வையுங்கள். நான்கு சக்கரத்தில் நிற்கும் வண்டியாக வைத்துக்கொண்டே ஒவ்வொரு பகுதியாகச் சரிசெய்யுங்கள். ஒரு பகுதியைக் கழற்றினால், அதைச் செய்து மாட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். இதில் பாடி ஷோரூம் பளபளப்புக்கு வர ரொம்ப நாள் ஆகும், அது உண்மைதான். ஆனால் இடையிடையே பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்று போய் வரலாம். பல வருடம் இழுக்கும் வேலையில் ஆளை விடாமல் பிடித்து வைப்பது அந்தச் சுற்றுதான்.

எதில் தொடங்குவது? இன்ஜினில். பீட்டில் இன்ஜின் படுத்தவாக்கில் இருப்பது, அதனால் சிலிண்டர்களும் கிடையாகத்தான் இருக்கும். நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு ஓட்டையிலும் துரு இளக்கும் எண்ணெயைக் கொஞ்சம் தாராளமாகவே விடுங்கள், ஏனென்றால் அது கீழ்ப்பக்கம் போய்த்தான் தேங்கும். சில நாள் ஊற விட்டு, கியரை நியூட்ரலில் வைத்து, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசைத்துப் பாருங்கள். ஒரு துளி அசைந்தால் போதும், மறுபடி எண்ணெய் விட்டுப் பொறுமையாக வேலை செய்யலாம். இறுகிய இன்ஜினை ஸ்டார்ட்டர் மோட்டாரால் சுற்ற வைக்க மட்டும் முயலவே வேண்டாம். பிஸ்டன் ரிங் உடைந்தால் செலவு பல மடங்கு.

அன்றைக்கே பின் சீட்டைத் தூக்கிப் பாருங்கள். பீட்டிலில் பேட்டரி அங்கேதான் உட்கார்ந்திருக்கும். ஆசிட் சிந்திச் சிந்தி, அதற்கு அடியில் இருக்கும் தகடுதான் பெரும்பாலும் முதலில் அரித்துப் போகும். ஒரு ஸ்க்ரூடிரைவர் நுனியால் அழுத்தினால் நல்ல தகடு டங்கென்று சொல்லும், கெட்டது உள்ளே போய்விடும். அடுத்து, கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ஹீட்டர் சேனல்களையும் இதே மாதிரி தட்டிப் பாருங்கள். இன்ஜின் சூட்டை உள்ளே கொண்டுவருவது மட்டுமல்ல, பாடியின் வலுவே அவற்றில்தான் இருக்கிறது. தரைத் தகடு மட்டும் போயிருந்தால் நிம்மதி, அது தனியாகவே கிடைக்கிறது. சேனல் போயிருந்தால் அந்த வேலையை அனுபவமுள்ள வெல்டரிடம் விடுங்கள். கதவு வாசலில் குறுக்குக் கம்பி கட்டாமல் வெட்டினால் பாடி வளைந்து, கதவு ஜென்மத்துக்கும் சரியாக மூடாது.

இனி பணம். இந்தக் காரில் போடும் பணம் திரும்ப வராது என்று இன்றே மனசுக்குள் முடிவு செய்துகொள்ளுங்கள். பழைய காரைச் சரிசெய்ய ஆகும் செலவு, சரிசெய்த காரின் விலையைத் தாண்டுவது வழக்கம். "பின்னால் நல்ல விலைக்குப் போகும்" என்று கணக்குப் போட்டுத்தான் பலர் கடனில் இறங்குகிறார்கள். பொழுதுபோக்குக்குக் கடன் வாங்கினால், கார் நின்றாலும் தவணை நிற்காது. கொஞ்ச நாளில் காரைப் பார்த்தாலே வெறுப்பு வரும்.

வீட்டுச் செலவு, பிள்ளைகள் படிப்பு, அவசரச் சேமிப்பு எல்லாம் போக, இல்லாமல் போனாலும் வீட்டில் யாருக்கும் வலிக்காத ஒரு தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள். சிறிய தொகையாகவே இருக்கட்டும். அந்தக் கணக்கில் பணம் இருந்தால் பார்ட்ஸ் வாங்குங்கள், இல்லையென்றால் அந்த மாதம் காசு கேட்காத வேலையைச் செய்யுங்கள். துரு சுரண்டுவது, போல்ட்டுகளைத் தேய்ப்பது, வயரிங்கைத் தடம் பிடித்து வரைபடம் போடுவது என்று காசில்லாத வேலை நிறையவே இருக்கிறது.

வாங்கும் வரிசை முக்கியம். முதல் செலவு பெட்ரோல் ஹோஸ். பழைய ரப்பர் வெடித்து, சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டித் தீப்பிடித்த பீட்டில்கள் ஏராளம். அடுத்து பிரேக் ஹோஸ், வீல் சிலிண்டர், புது பிரேக் ஆயில். பிரேக் ஆயில் காற்றில் இருக்கும் ஈரத்தை உறிஞ்சும், அந்த ஈரம் சிலிண்டரை உள்ளுக்குள்ளேயே அரித்திருக்கும். பழைய பிரேக் லைனிங் தூசியை ஊதிச் சுத்தம் செய்யவே செய்யாதீர்கள், அந்தக் காலத்தவற்றில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். ஈரத் துணியால் துடையுங்கள். பிறகு டயர். பார்வைக்குப் பட்டன் நன்றாக இருந்தாலும், பத்து வருடத்துக்கு மேல் ஆன டயரை நம்பி ரோட்டில் இறங்கக் கூடாது. சீட் கவர், குரோம் பம்பர், புது பீடிங் எல்லாம் கடைசியில்தான். மலிவாகக் கிடைக்கிறது என்று ரப்பர் சாமான்களை இப்போதே வாங்கி அடுக்கினால், மாட்டும் நாள் வருவதற்குள் அவை இறுகிப் போயிருக்கும், கடையில் திருப்பிக் கொடுக்கும் காலமும் முடிந்திருக்கும்.

ஒரு விஷயத்தில் நீங்கள் அதிர்ஷ்டசாலி. 2003 வரை 2 கோடியே 10 லட்சத்துக்கும் மேல் தயாரான கார் இது, அதனால் பார்ட்ஸ் இன்னும் புதுசாகவே வருகிறது. அரிதான கார் வாங்கியவர்கள் ஒரு விளக்குக் கண்ணாடிக்கே வருடக்கணக்கில் அலைகிறார்கள். பெயின்ட் செலவில் பெரும்பகுதி கூலிதான். கண்ணாடி, பீடிங், பம்பர் கழற்றுவது, தேய்ப்பது, திரும்ப மாட்டுவது எல்லாவற்றையும் நீங்களே செய்துவிட்டு, பட்டி பார்ப்பதையும் பெயின்ட் அடிப்பதையும் மட்டும் வெளியில் கொடுத்தால் பாரம் நன்றாகக் குறையும். கெட்டிப்படுத்தி கலந்து அடிக்கும் டூ-கே பெயின்ட்டை வீட்டில் சாதாரண முகமூடியோடு அடிக்க வேண்டாம், அதில் இருக்கும் ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும்.

நேரத்துக்கு வருகிறேன். "நேரம் கிடைக்கும்போது செய்கிறேன்" என்று வைத்திருந்ததால்தான் ஒரு வருடம் சக்கரம் கழலவில்லை என்று நினைக்கிறேன். வார இறுதியில் மூன்று மணி நேரம், வார நாள் ஏதாவது ஒன்றில் ஒரு மணி நேரம், இரண்டுக்கும் கிழமையைக் குறித்துவிடுங்கள். வருடத்துக்கு 200 மணி நேரம் வந்துவிடும். வண்டியை ஓட வைத்து, பிரேக்கைச் சரிசெய்ய அது தாராளம்.

அந்த ஒரு மணி நேரத்தைப் பெரும்பாலும் தின்பது, ஸ்பேனரைத் தேடுவதும் விட்ட இடம் எது என்று யோசிப்பதும்தான். ஒவ்வொரு முறையும் முடிக்கும்போது, அடுத்து செய்ய வேண்டிய வேலையையும் அதற்கு வேண்டிய ஸ்பேனர் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு வாருங்கள். வார நாளில் காரிடமே போக வேண்டாம். கார்புரேட்டர், வைப்பர் மோட்டார், கதவு லாக் என்று மேசையில் வைத்துச் செய்யக்கூடிய ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றுவதற்கு முன் போட்டோ, கழற்றியதும் ஜிப் கவரில் பெயர் எழுதிப் போடுவது, இந்த இரண்டிலும் சோம்பல் வேண்டாம். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் படுக்காதீர்கள், ஜாக் ஸ்டாண்ட் இல்லாத நாள் அடியில் வேலையே இல்லை.

உங்கள் மனைவி சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஒரு வருடமாக இடத்தை அடைத்து நிற்கும் துருப்பிடித்த காரைத் தினமும் பார்ப்பவர் அவர். மாதத் தொகையையும் வார நேரத்தையும் அவரோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள், கணக்கை அவரும் பார்க்கும்படி வையுங்கள். நீங்கள் நான்கு மணி நேரம் எடுத்தால், அதே நான்கு மணி நேரம் பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டு அவருக்கும் கொடுங்கள். இதைக் கேட்காமலே முன்வந்து சொல்லுங்கள்.

வேலை செய்த மணி நேரத்தை ஒரு நோட்டில் குறித்து வாருங்கள், அடுத்த வருடம் இதே நாளில் கூட்டிப் பாருங்கள். 150, 200 என்று வந்தால் தொடருங்கள். 30, 40 தான் வந்தது என்றால், இந்த வயதில் உங்கள் வாழ்க்கையில் இதற்கு இடம் இல்லை, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. அப்போது விற்றுவிடுங்கள். சக்கரத்தில் நிற்கிற, இன்ஜின் சுற்றுகிற, ஒரு சாமானும் குறையாத பீட்டிலுக்கு நியாயமான விலை கொடுக்க ஆள் வருவார்.