எந்த வல்லத்தைத் தொட்டாலும் 30 அடிதானா? (வாசகர் கேள்வி பதில்)

கே: அண்ணே, அப்பா ஓடாவி (படகு கட்டும் தச்சர்), தொண்டி பக்கம் நாட்டு வல்லம் கட்டுகிறார். நீளம், அகலம், பலகைக் கனம் மூன்றையும் கொடுத்தால் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வல்லத்தின் உருவம் வரும்படி பைதான் மொழியில் சின்னதாக ஓர் ஆட்-ஆன் (கூடுதல் நிரல்) எழுதினேன். பேனல் வருகிறது, எண்ணை மாற்றவும் முடிகிறது. ஆனால் திரையில் நிற்கிற நாலு வல்லத்தில் எதைத் தொட்டாலும் அதே 30 அடிதான். ஒன்றை 28 ஆக்கினால் எல்லாவற்றுக்கும் 28 என்று காட்டுகிறது. சரி, தொட்ட வல்லத்தின் அளவை, பேனலை வரைகிற டிரா ஃபங்ஷனுக்குள்ளேயே எடுத்துப் பேனலில் போட்டுவிடலாம் என்று பார்த்தால், இந்த இடத்தில் எழுத அனுமதி இல்லை என்று திட்டுகிறது. எங்கே தப்பு?

ப: தம்பி, உங்கள் கோடைப் பார்க்காமலே சொல்லலாம், வல்லத்தின் நீளத்தை வல்லத்தில் எழுதாமல் கரையில் எழுதி வைத்திருக்கிறீர்கள். அதாவது ப்ராப்பர்ட்டியை (அளவைச் சேமிக்கும் இடத்தை) ‘சீன்’ என்கிற முழுக் காட்சியின் மேல் பதிவு செய்திருக்கிறீர்கள். சீன் ஒன்றுதானே, அதில் ஒரு நீளத்துக்குத்தான் இடம், நாலு வல்லம் கேட்டாலும் அதே பதில்தான் வரும். நானும் ஆரம்பத்தில் இப்படிச் செய்துவிட்டு, தொட்டவுடன் இங்கிருந்து அங்கே நகல் எடுப்பது, மாற்றியவுடன் அங்கிருந்து இங்கே நகல் எடுப்பது என்று இரண்டு ராத்திரியைத் தொலைத்தவன்தான்.

மூன்று அளவையும் ஒரு ‘ப்ராப்பர்ட்டி குரூப்’ வகுப்பில் போடுங்கள். அதை ‘பாயின்டர் ப்ராப்பர்ட்டி’ மூலம் ‘ஆப்ஜெக்ட்’ மேல், அதாவது ஒவ்வொரு வல்லத்தின் மேலும் மாட்டுங்கள். அப்புறம் டிராவில் செய்ய வேண்டியது, இப்போது தொட்டிருக்கும் ஆப்ஜெக்டை எடுத்து, அதன் குரூப்பில் உள்ள ஒவ்வோர் அளவுக்கும் ‘லேஅவுட்.ப்ராப்’ அழைப்பது மட்டும்தான். எண் பெட்டியை வரைவது, தட்டியதை வல்லத்திலேயே எழுதுவது, கன்ட்ரோல் இசட் போட்டால் பழைய அளவுக்குத் திரும்புவது எல்லாவற்றையும் பிளெண்டர் பார்த்துக்கொள்ளும். எதையும் தொடாமல் இருக்கும்போது ஆப்ஜெக்ட் ‘நன்’ (ஒன்றுமில்லை) ஆக வரலாம், அதை மட்டும் முதலிலேயே, பேனலைக் காட்டலாமா என்று முடிவு செய்கிற ‘போல்’ ஃபங்ஷனில் சோதித்துவிடுங்கள். வகுப்புக்குள் ப்ராப்பர்ட்டியை அறிவிக்கும் வரியில் சமக்குறி போட்டிருந்தால் முக்காற்புள்ளி ஆக்குங்கள், 2.80 பதிப்பிலிருந்து அதுதான் வழக்கம்.

அந்தத் திட்டு விஷயம். திரையைத் திரும்ப வரையும்போதெல்லாம் டிரா ஓடும், மவுஸ் பேனல் மேல் நகர்ந்தால்கூட ஓடும். அதற்குள் அளவை மாற்ற விட்டால் நீங்கள் ஒன்றும் செய்யாமலே வல்லம் மாறிக்கொண்டிருக்கும், அதனால்தான் தடுக்கிறார்கள். அளவு மாறியதும் உருவத்தைத் திரும்பக் கட்டுகிற வேலையை ப்ராப்பர்ட்டியின் ‘அப்டேட்’ ஃபங்ஷனில் வையுங்கள். அங்கே யாருடைய அளவு மாறியது என்பதை ‘கான்டெக்ஸ்ட்.ஆப்ஜெக்ட்’டிடம் கேட்காதீர்கள், ‘செல்ஃப்.ஐடி_டேட்டா’விடம் கேளுங்கள். நாலு வல்லத்தைத் தேர்ந்து ஆல்ட் விசையோடு ஒரே அளவை மாற்றினாலும், வேறு ஸ்கிரிப்ட் மாற்றினாலும், மாறிய வல்லத்தைச் சரியாகச் சொல்வது அதுதான். நீளம் மாறினால் அகலம், அகலம் மாறினால் நீளம் என்று அப்டேட்டுக்குள் ஒன்றை ஒன்று மாற்ற வைத்தால் இரண்டும் ஒன்றையொன்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். கணக்குப் போட்டு வருகிற எண்ணைச் சேமிக்கவே வேண்டாம், ‘லேபிள்’ ஆகக் காட்டினால் போதும்.

இன்னொரு குழி இருக்கிறது. வல்லத்தை ஆல்ட் டி கொடுத்துப் பெருக்கினீர்களா? அப்படியானால் ஆப்ஜெக்ட்தான் நாலு, மெஷ் (உருவத்தைத் தரும் வலை) ஒன்றே. பேனலில் ஒன்று 30, ஒன்று 28 என்று காட்டும், ஆனால் கடைசியாக எதை மாற்றினீர்களோ அந்த உருவத்தில்தான் நாலும் நிற்கும். ஷிஃப்ட் டி கொடுத்துப் பெருக்குங்கள், வழக்கமாக அது மெஷ்ஷையும் சேர்த்து நகல் எடுக்கும். இல்லை, நாலும் ஒரே அளவில்தான் இருக்க வேண்டும் என்றால் ப்ராப்பர்ட்டியை மெஷ் மேல் மாட்டுங்கள்.

அடிக் கணக்கு: ஃப்ளோட் ப்ராப்பர்ட்டியில் யூனிட் ‘லெங்த்’ என்று கொடுத்துவிட்டு, சீன் அமைப்பில் இம்பீரியல் வைத்தால் பெட்டி அடியில் காட்டும். உள்ளே சேமிப்பது மீட்டர்தான். ஆகவே ஆரம்ப மதிப்பு 9.144 என்று இருக்க வேண்டும். 30 என்று எழுதினால் 98 அடிக்கு மேல் ஒரு வல்லம் வந்து நிற்கும், அப்பாவிடம் காட்டிவிடாதீர்கள்.

கே: மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்கால 61 நாளும் விசைப்படகுகள் கரையில் நிற்கும், மராமத்துக் கணக்கை அப்போதுதான் போடுவோம். எந்த மரம் என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலைத் தேக்கு, அயினி, வேம்பு என்று தமிழில் வைத்தேன். பட்டியலை ஒரு ஃபங்ஷன்தான் திருப்பித் தருகிறது. பேனலில் சில நேரம் பெயர் சரியாக வருகிறது, சில நேரம் கிறுக்கல். ஒருநாள் பிளெண்டரே மூடிக்கொண்டது. எழுத்துருவை மாற்ற வேண்டுமா?

ப: வேண்டாம், எழுத்துரு பாவம். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வைக்கிற ‘ஈனம் ப்ராப்பர்ட்டி’க்கு ஃபங்ஷன் தருகிற சொற்களைப் பிளெண்டர் தன்னிடம் வைத்துக்கொள்வதில்லை, பைதான்தான் பிடித்து வைத்திருக்க வேண்டும். உங்கள் ஃபங்ஷன் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பட்டியலைச் செய்து கொடுத்துவிட்டு விட்டுவிடுகிறது, பைதான் குப்பை என்று நினைத்து அந்த இடத்தைக் காலி செய்கிறது, பிளெண்டர் காலியான இடத்தைப் போய்ப் படிக்கிறது. இது ஆவணத்திலேயே எச்சரித்திருக்கிற விஷயம். பட்டியலை ஃபங்ஷனுக்கு வெளியே ஒரு மாறியில் வைத்து அதையே திருப்பிக் கொடுங்கள். மூன்றே மரம், அதுவும் மாறாது என்றால் ஃபங்ஷனே எதற்கு, பட்டியலை நேராகக் கொடுத்துவிடலாம்.

கே: கீழக்கரையில் இருக்கிற அண்ணன் கணினியில் என் ஆட்-ஆன் இல்லை. கோப்பை அவர் திறந்து சேமித்தால் நான் ஏற்றிய அளவுகள் போய்விடுமா?

ப: போகாது. பேனல் தெரியாது, அவ்வளவுதான். அளவுகள் கோப்புக்குள் ஆப்ஜெக்டோடு இருக்கும், உங்கள் கணினிக்குத் திரும்பி வந்ததும் பேனல் அவற்றைக் காட்டும். அதற்குள் நீங்கள் ப்ராப்பர்ட்டியின் பெயரை மாற்றித் தொலைக்காமல் இருந்தால்.