அந்த முதல் எழுத்து எங்கே போனது?

கேள்வி: விண்டோஸ் பரவுவதற்கு முன் கம்ப்யூட்டரை இயக்கிய டாஸின் காலத்தில், அழித்த கோப்பை மீட்கும்போது, பெயரின் முதல் எழுத்தை மட்டும் நம்மிடம் கேட்கும். மற்ற எழுத்தெல்லாம் தெரிந்த கம்ப்யூட்டருக்கு அது மட்டும் ஏன் தெரியாமல் போனது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பெயரில் டாஸ் அழித்தது அந்த ஓர் எழுத்தைத்தான்!

டிஸ்கில் ஒவ்வொரு கோப்புக்கும் 32 பைட்டில் ஒரு பதிவு இருக்கும். பெயர், தேதி, அளவு, கோப்பு தொடங்கும் இடம் எல்லாம் அதில் உண்டு. கோப்பை அழிக்கும் டெல் கட்டளையைக் கொடுத்தால் டாஸ் முதல் எழுத்தை எடுத்துவிட்டு அங்கே 229 என்ற எண்ணை வைக்கும். 'இந்த இடம் காலி' என்பதற்கு அதுதான் அடையாளம். அப்புறம், கோப்பின் துண்டுகள் எந்த வரிசையில் கிடக்கின்றன என்று சொல்லும் ஃபேட் அட்டவணையில் அந்தக் கோப்புக்கான கட்டங்களைப் பூஜ்யமாக்கும். நாம் அடித்து வைத்த விஷயத்தை அது தொடுவதே இல்லை.

இதைப் பயன்படுத்தித்தான் 1982ல் பீட்டர் நார்ட்டன் அழித்த கோப்பை மீட்கும் தன் நார்ட்டன் யுடிலிட்டீஸ் மென்பொருளைக் கொண்டுவந்தார். 1991ல் எம்.எஸ்.டாஸ் 5.0 உடன் அழித்ததை மீட்கும் அன்டிலீட் கட்டளையே வந்துவிட்டது, அது பி.சி. டூல்ஸ் என்ற மென்பொருளைத் தயாரித்த சென்ட்ரல் பாயின்ட் நிறுவனத்திடம் உரிமம் பெற்றது. முதல் எழுத்தாக எதைக் கொடுத்தாலும் ஏற்றுக்கொள்ளும், அதே பெயரில் வேறு கோப்பு இல்லாமல் இருந்தால் சரி.

உண்மையான சிக்கல் அழிந்துபோன வரிசைதான். துண்டுகள் அடுத்தடுத்து இருந்தால் தொடக்க இடமும் அளவும் போதும். சிதறிக் கிடந்தால்? 1992ல் நான் ஜாப் டைப்பிங் கடையில் இருந்தபோது ஒரு எம்.ஃபில். மாணவர் 360 கேபி ஃப்ளாப்பியோடு ஓடி வந்தார். இடம் போதவில்லை என்று பழைய கோப்புகளை அழித்தபோது, வேர்டுஸ்டார் என்ற எழுத்து மென்பொருளில் அடித்த மூன்றாம் அத்தியாயமும் அதன் பேக்கப்பும் சேர்ந்து போய்விட்டன. அன்டிலீட் கொடுத்தோம். முதல் நான்கு பக்கம் சரியாக வந்தது. ஐந்தாவதில் யாருக்கோ எழுதிய கடிதம்!

நார்ட்டன் யுடிலிட்டீஸில் உள்ள அன்இரேஸை எடுத்தேன். அதில் துண்டுகளை நாமே பார்த்துக் கோக்கலாம். அந்த ஃப்ளாப்பியில் ஒரு துண்டு 1,024 பைட். வாக்கியம் பாதியில் நின்றால், மீதிப் பாதி எந்தத் துண்டில் தொடங்குகிறது என்று தேட வேண்டும். மாணவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இது இல்லை சார், இது முடிவுரை" என்று சொல்லிக்கொண்டே வந்தார். இரவு பதினொரு மணிக்கு இரண்டு துண்டு தவிர எல்லாம் சேர்ந்தது. அந்த இரண்டின் மேல், அழித்த பிறகு அவரே வேறொரு கோப்பைச் சேமித்திருந்தார். அவற்றை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

அதனால்தான் அழிந்தது தெரிந்தவுடன் அந்த டிஸ்கில் எதையும் எழுதாதீர்கள் என்று எல்லோரிடமும் கெஞ்சுவேன். ஃப்ளாப்பி என்றால் முதலில் ஓரத்து வெட்டின் மேல் ஸ்டிக்கரை ஒட்டிவிடுவேன், அப்புறம் அந்த ஃப்ளாப்பியில் எதையும் எழுத முடியாது. பிறகு டிஸ்கை முழுசாக நகலெடுக்கும் டிஸ்க்காப்பி கட்டளையைப் போட்டு இன்னொரு ஃப்ளாப்பியில் நகல் எடுப்பேன். வெறும் காப்பி கட்டளை அழிந்த கோப்பைக் கொண்டுவராது. டிஸ்க்காப்பி காலி என்று குறித்த இடங்களையும் அப்படியே எடுத்துவரும். மீட்கும் வேலை எல்லாம் அந்த நகலில்தான்.