முரானோவில் வாங்கினால் முரானோ ஆகிவிடுமா? வாசகர் கேள்வி-பதில்

விடுமுறைக்கு இத்தாலிக் கடற்கரை ஊர்களுக்குப் போய் வந்தவர்களும் போகப் போகிறவர்களும் எழுதிய கடிதங்கள் இந்த முறை. இடம் போதாததால் சுருக்கியிருக்கிறேன்.

கே: அமால்ஃபியில் ஒரு கடையில் பாலாடைக்கட்டி 4.20 யூரோ என்று எழுதியிருந்தது. அரை கிலோ வாங்கினேன், 21 யூரோ எடுத்துவிட்டார்கள். பகல் கொள்ளை! எங்கே புகார் செய்வது? (சென்னை வாசகர்)

ப: எங்கேயும் செய்ய முடியாது. விலைக்குப் பக்கத்தில் ‘எத்தோ’ என்று இருந்திருக்கும். எத்தோ என்றால் 100 கிராம். ஐந்து எத்தோ அரை கிலோ, கணக்குச் சரி. எந்த எடைக்கு அந்த விலை என்று பார்க்காமல் பணத்தை நீட்டிவிட்டு, பிறகு கடைக்காரரைக் கொள்ளைக்காரர் என்பது நியாயமில்லை.

கே: அக்கா, சொரெண்டோவில் திரும்பிய பக்கமெல்லாம் லிமோன்செல்லோ என்ற எலுமிச்சை மது. பளிச்சென்று மஞ்சளாக அழகான போத்தலில் இருப்பதை வாங்குவதா, கொஞ்சம் கலங்கலாக இருப்பதையா? (பாரிஸ் வாசகர்)

ப: போத்தலின் அழகை விடுங்கள், பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். எலுமிச்சைத் தோல், சாராயம், சர்க்கரை, தண்ணீர். இந்த நாலும் போதும். தோலில் இருக்கும் எண்ணெய்தான் இதற்கு மணம் தருவது, அந்த எண்ணெயால்தான் நல்ல லிமோன்செல்லோ லேசாகக் கலங்கி இருக்கும். நிறமூட்டி, ‘அரோமா’ (சேர்த்த மணமூட்டி) என்று கண்ணில் பட்டால் எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். சொரெண்டோ எலுமிச்சை, அமால்ஃபிக் கரை எலுமிச்சை இரண்டுக்குமே ஐஜிபி (IGP) காப்பு உண்டு, நம் ஊர்ப் புவிசார் குறியீடு மாதிரி. பொருள் பட்டியலில் எலுமிச்சையின் பெயரோடு அந்த மூன்றெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள்.

கே: வெனிஸில் நாங்கள் தங்கிய ஹோட்டலில் ‘முரானோ தீவின் கண்ணாடித் தொழிற்சாலைக்கு இலவசப் படகு’ என்று அனுப்பினார்கள். மேல்மாடி அறையில் வைத்து, இன்றைக்கு மட்டும் பாதி விலை என்று ஒரு பூச்சாடியை 900 யூரோவுக்கு விற்றார்கள். வீட்டுக்கு அனுப்பி வைத்தது நாங்கள் தேர்ந்தெடுத்தது அல்ல. மெயில் போட்டால் பதில் இல்லை. (டோர்ட்முண்ட் வாசகி)

ப: அம்மா, உங்கள் மேல் ஒரு தவறும் இல்லை. ஏமாந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். இலவசப் படகுக்கும், அதில் ஆள் ஏற்றிவிடுபவரின் கமிஷனுக்கும் சேர்த்துத்தான் அந்த ‘பாதி விலை’ போடப்படுகிறது. இப்போது செய்ய வேண்டியது: ரசீது, கடையில் எடுத்த படம் இருந்தால் அது, வந்த பொருளின் படம், இவற்றோடு ஒரு கெடு வைத்துக் கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். கார்டில் கட்டியிருந்தால் அந்தப் பணத்தைத் திருப்பிக் கேட்டு இன்றைக்கே வங்கியில் மறுப்பு எழுதிக் கொடுங்கள். வாங்கியது ஒன்று, வந்தது ஒன்று என்றால் ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது இரண்டு ஆண்டு சட்டப் பொறுப்பு விற்றவருக்கு உண்டு. அதற்கும் அசையாவிட்டால் ஐரோப்பிய நுகர்வோர் மையம் இருக்கிறது. ஜெர்மனியிலும் அதன் அலுவலகம் உண்டு, எல்லை தாண்டிய வழக்குகளுக்கு இலவசமாக உதவுவார்கள்.

இனிப் போகிறவர்களுக்கு: ‘வெத்ரோ ஆர்த்தீஸ்திகோ முரானோ’ (முரானோ கலைக் கண்ணாடி) என்ற முத்திரை வெனெத்தோ மாநில அரசினுடையது, 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி வந்தது. ‘முரானோ பாணி’ என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பொதுப் படகில் டிக்கெட் எடுத்துப் போங்கள், திரும்பி வர உங்களுக்கு யார் தயவும் தேவைப்படாது.

கே: கடற்கரை நடைபாதையில் பெரிய பிராண்ட் கைப்பை 40 யூரோ. போலி என்று தெரிந்தேதான் வாங்க நினைக்கிறேன். (பெயர் வேண்டாம் என்கிறார்)

ப: வேண்டாம். பிடிபட்டால் வாங்கியவருக்கும் 7,000 யூரோ வரை அபராதம்.

கே: வியெத்ரியில் பீங்கான் தட்டு கையால் தீட்டியதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (கோவை வாசகி)

ப: ஒரே படம் போட்ட இரண்டு தட்டைக் கேட்டு வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். கை தீட்டினால் ஒரு இலையாவது மாறி இருக்கும், தூரிகை இழுத்த தடம் தெரியும். நான் இதைச் செய்யாமல் ஆறு தட்டு வாங்கி வந்தேன். வீட்டில் வரிசையாக அடுக்கினால் ஆறு எலுமிச்சையிலும் ஒரே இடத்தில் ஒரே புள்ளி, அத்தனையும் ஒட்டுப்படம். கையால் தீட்டிய விலையைக் கொடுத்திருந்தேன். இன்றைக்கும் அந்தத் தட்டுகளை எடுக்கும்போது மனசு கசக்கிறது.

கே: புரானோ தீவில் கையால் பின்னிய லேஸ் மேசைவிரிப்பு 45 யூரோ சொன்னார்கள். பேரம் பேசி 38-க்கு வாங்கினேன். நல்ல விலைதானே? (சிங்கப்பூர் வாசகி)

ப: இல்லை. அது கையால் பின்னியதே இல்லை.

இதைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. புரானோ லேஸ் ஊசி லேஸ். அடியில் துணி கிடையாது. காகிதத்தில் கோலத்தை வரைந்து, கோட்டின் மேல் நூலைப் பதித்து, அந்த நூலைப் பிடித்துக்கொண்டு ஊசியால் வலை வலையாக நிரப்பி, கடைசியில் காகிதத்திலிருந்து அறுத்தெடுப்பார்கள். ‘காற்றில் தையல்’ என்றே அதற்கு ஒரு பெயர் உண்டு. வழக்கமாக ஒரு துண்டு ஏழு பெண்கள் கை மாறும், ஒவ்வொருவருக்கும் ஒரு தையல். உள்ளங்கை அகலத்துக்கே வாரக்கணக்கில் ஆகும் வேலை. அப்படியிருக்க ஒரு மேசைவிரிப்பு 38 யூரோவுக்கு எப்படி வரும்? நீங்களே ஒரு நாள் கூலியைப் போட்டுப் பாருங்கள்.

1872-ல் கடும் குளிரில் காயல் உறைந்து, மீன்பிடிக்க முடியாமல் தீவே பட்டினி கிடந்தபோதுதான் லேஸ் பள்ளியைத் திறந்தார்கள். அந்தக் கலை அப்போதே அழியும் நிலையில் இருந்தது. சென்சியா ஸ்கார்பரியோலா என்ற கிழவிக்குத்தான் தெரிந்திருந்தது, அவரிடமிருந்து கற்றுத்தான் மறுபடி தழைத்தது. சுமார் நூறு வருடம் நடந்த பள்ளியை மூடிவிட்டார்கள், அந்தக் கட்டடம் இப்போது லேஸ் அருங்காட்சியகம். முதலில் அங்கே போய் உண்மையான லேஸைக் கிட்டத்தில் நின்று பாருங்கள், அப்புறம் கடைக்குப் போங்கள். இயந்திர லேஸை இயந்திர லேஸ் என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை, மேசைக்கு அழகாகத்தான் இருக்கும். கண் தேயத் தேயப் பின்னிய பெண்களின் பெயரை அதன் மேல் ஒட்டி விற்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. உண்மையானது வேண்டுமென்றால் ஒரு சிறிய பூ, ஒரு இலை வாங்குங்கள். விலை கூடத்தான் இருக்கும். பின்னியவர் யார் என்று கேளுங்கள். சொல்லத் தெரியாத கடையில் வாங்க வேண்டாம்.

கே: வாங்கிய பொருளுக்கு வரி திரும்பக் கிடைக்கும் என்றார்கள். ரோம் விமான நிலையத்தில் பெட்டியைப் போட்டுவிட்டுக் கேட்டால் பொருளைக் காட்டச் சொல்கிறார்கள். 110 யூரோ ஆலிவ் எண்ணெயும் சீஸும். இப்போது ஏதாவது வழி? (மதுரை வாசகர்)

ப: பெட்டியைப் போடுவதற்கு முன்னாலேயே சுங்கத்தில் கேட்டிருக்க வேண்டும். கடை கொடுத்த படிவத்தில் இது எழுதியிருக்கும், படித்தீர்களா? ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்களுக்கு 2024 பிப்ரவரியிலிருந்து ஒரு ரசீது 70 யூரோவைத் தாண்டினாலே போதும், முன்பு 154.94 ஆக இருந்தது. ஆனால் நீங்கள் இழந்தது அதிகமில்லை. பொதுவான வரி 22 விழுக்காடு, எண்ணெய்க்கும் சீஸுக்கும் 4 விழுக்காடுதான்.

கே: நேப்பிள்ஸ் பக்கம் ஒரு கடையில் அம்மாவுக்கு இத்தாலிப் பவள மாலை, 60 யூரோ. வீட்டில் ஈரப் பஞ்சால் துடைத்தால் சிவப்பாக வருகிறது. (யாழ்ப்பாணம் வாசகி)

ப: சாயம்தான் அது, தங்கச்சி. பெரும்பாலும் மூங்கில் பவளம் என்ற மலிவான வகையாக இருக்கும். நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். சொரெண்டோ சந்து ஒன்றில் 80 யூரோவுக்கு வாங்கி அம்மாவுக்கு அனுப்பினேன், இரண்டு மாதத்தில் வியர்வை பட்டு ரவிக்கைக் கழுத்தெல்லாம் சிவப்பு. அம்மா என்னிடம் சொல்லவே இல்லை, ஊருக்குப் போனபோது நானாகப் பார்த்தேன்.

நம் நகைக்கடைகளில் ‘இத்தாலிப் பவளம்’ என்றாலே ஒரு மதிப்பு. முசிறித் துறைமுகத்தில் இறங்கிய சரக்குகளில் பவளமும் ஒன்று என்று பெரிப்ளூஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல் சொல்கிறது, அவ்வளவு பழைய ஆசை நமக்கு. வெசுவியஸ் மலையடியில் இருக்கும் தொர்ரே தெல் கிரேகோதான் பவள வேலைக்குப் பேர்போன ஊர். அங்கே வாங்கினாலும் ரசீதில் ‘கொராலியம் ருப்ரும் (அசல் செம்பவளத்தின் அறிவியல் பெயர்), சாயமேற்றாதது’ என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் ரசீதில் பவளம் என்று இருக்கிறதா? இருந்தால் படத்தோடு எனக்கு அனுப்புங்கள், கடைக்கு எழுத வேண்டிய கடிதத்தை நான் இத்தாலியனில் எழுதித் தருகிறேன்.

கே: சேத்தாராவில் ‘கொலத்தூரா’ என்று ஒரு சின்னச் சீசா மீன்சாறு விற்கிறார்கள். அந்த விலைக்குத் தகுமா? (டொராண்டோ வாசகர்)

ப: தகும். நெத்திலி வகை மீனையும் உப்பையும் மரத்தொட்டியில் அடுக்கி, பாரம் வைத்து, மாதக்கணக்கில் விட்டு வடிப்பது. 2020-ல் டிஓபி (DOP) காப்புக் கிடைத்தது, இதுவும் ஐஜிபி மாதிரி ஊர்ப் பெயருக்கான காப்புதான், சிவப்பும் மஞ்சளுமான வட்ட முத்திரையைத் தேடுங்கள். பட்டியலில் மீன், உப்பு தவிர மூன்றாவதாக ஒன்று இருந்தால் வேண்டாம். ஸ்பகெட்டி வேகும் தண்ணீரில் உப்புப் போடாதீர்கள். பூண்டு, மிளகாய், ஆலிவ் எண்ணெயோடு இதில் சில கரண்டி கலந்து சூடான ஸ்பகெட்டியில் பிரட்டுங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம், மணம் போய்விடும்.